65 வருசம் மறக்காத உடம்பு

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு பிறபொருளெதிரியோட என்ன வேலை எண்டு நீங்கள் கேட்கலாம். சின்னமுத்து பற்றிய பெரிய கண்டுபிடிப்பு ஒன்று, வயது போனவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பழங்கதை கேட்டதில்தான் கிடைத்தது. அது எங்கட வேலைதானே?

1846. டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த பரோயே தீவுகளுக்கு, கொப்பன்கேகனில் இருந்து வந்த ஒரு தச்சுத் தொழிலாளியோடு சின்னமுத்தும் வந்து இறங்கியது. ஏறக்குறைய 7,800 சனம். சில மாதங்களில் 6,000 பேர் அளவில் படுத்துவிட்டார்கள். நூற்றுக்கு மேல் இறந்தார்கள். விசாரிக்க அரசாங்கம் அனுப்பியவர்களில் ஒருவர் பீட்டர் பனும், 25 வயது வைத்தியர். ஊர் ஊராகப் போய், யார் எப்ப படுத்தது, யாரிட்ட இருந்து தொற்றியது எண்டு கேட்டு எழுதினார்.

அந்தத் தீவுகள் அதற்கு முன் சின்னமுத்தைக் கண்டது 1781 இல். அப்ப நோய் வந்து பிழைத்த முதியவர்களில் ஒருவருக்கும் இந்த முறை வரவில்லை. அப்படி 98 பேரைப் பனும் தானே பார்த்தார். 1781 இல் நோய் வராமல் தப்பிய முதியவர்களோ, பிள்ளைகளைப் போலவே இப்போது படுத்தார்கள். ஆகவே காப்பாற்றியது வயதல்ல, உடம்பின் ஞாபகம். வைரஸ் என்ற ஒன்றையே அறியாத காலத்தில், 65 வருச நிர்ப்பீடனத்தை ஒருவர் கேள்வி கேட்டே கண்டுபிடித்திருக்கிறார்.

ஒருமுறை கண்ட கிருமியை நினைவுக் கலங்கள் அடையாளம் வைத்திருக்கும். சில கலங்கள் அதற்கான பிறபொருளெதிரிகளைப் பல வருடங்களுக்குச் சுரந்துகொண்டே இருக்கும்.

"அப்ப வந்து போனால் நல்லதுதானே, ஊசி எதுக்கு?" எண்டு சொல்லுற ஆக்கள் இப்பவும் இருக்கினம். அவர்கள் சொல்வது பாதிக் கதை.

மீதிக் கதை 1908 இல் வியன்னாவில் தொடங்குகிறது. காசநோய்க் கிருமிக்கு உடம்பு பழக்கப்பட்டிருக்கிறதா என்று தோலில் செய்யும் சோதனை, சின்னமுத்து வந்த பிள்ளைகளில் தற்காலிகமாக வேலை செய்யாமல் போவதை கிளெமென்ஸ் வொன் பிர்க்கே கவனித்தார். காரணம் பிறகுதான் விளங்கியது. இந்த வைரஸ் நினைவுக் கலங்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளின் இரத்தத்தை ஆராய்ந்து 2019 இல் வெளியான ஆய்வு, மற்றக் கிருமிகளுக்கு எதிராக அவர்கள் சேர்த்து வைத்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 வீதம் வரை இல்லாமல் போனதைக் காட்டியது. சின்னமுத்து தன்னை மறக்க விடாது. மற்றதையெல்லாம் மறக்கப் பண்ணும். தடுப்பூசியோ, அந்த அழிவு இல்லாமலே ஞாபகத்தைத் தருகிறது.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. பனும் கதை கேட்ட 98 பேரும் பிழைத்தவர்கள். கதை சொல்ல மிஞ்சாதவர்களையும் கணக்கில் எடுத்தால்தான் அது முழுச் சாட்சியம்.