கங்காணியின் வாய்ச்சொல்

ஊழியர்கள் தத்தம் முகநூல் பக்கங்களில் நிறுவனத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதினால் வியாபாரம் பெருகும் என்று நிர்வாகங்கள் இப்போது ஊக்குவிக்கின்றன. ஊவாவின் தோட்ட வரலாறு அறிந்தவர்களுக்கு இது புதிய உத்தியாகத் தோன்றாது.

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை மலைகளில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் ஆள் சேர்ந்தது பெரும்பாலும் கங்காணிமார் மூலமாகவே. துரை முன்பணம் கொடுத்து அனுப்புவார். கங்காணி தமிழகத்திலுள்ள தன் ஊருக்கே போய், சாதிசனத்திடம் பேசி, குடும்பம் குடும்பமாக அழைத்து வருவார். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லி அழைத்து வந்ததாக மலையகத்தில் இன்றும் பேசிக்கொள்வார்கள். அயலான் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சொன்னவன் மாமன் அல்லது மச்சான் என்பதால் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் தோட்டத்தின் மூலதனம்.

கங்காணிக்கும் ஊதியம் இருந்தது. அவருடைய ஆட்களில் அன்று வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் இத்தனை சதம் என்று 'தலைக்காசு' கிடைத்தது. வந்தவர் தலையிலோ முன்பணம் கடனாக ஏறியது. கடன் கணக்கைக் காட்டும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக வழியில்லை. அம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1904இல் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் அமைந்த பின்னரும் ஆள் சேர்ப்பின் ஆணிவேர் கங்காணியாகவே இருந்தார். 1939இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது.

1890இல் கிளாஸ்கோ மளிகை வணிகர் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே டம்பேதென்ன தோட்டத்தை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்பது அவருடைய விளம்பர வாசகம். அவ்விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவமும் இடம்பெற்றது. தேயிலையை விற்க அவள் முகம் உதவியது. அவள் என்ன சொல்வாள் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்காமலே சொல்லத் தொடங்கியபோது நிலைமை மாறியது. ஊருக்குப் போய்ப் பேசு என்று கங்காணியை அனுப்பிய தோட்டங்களே, லயத்துக்கு வந்து பேச முயன்ற தொழிற்சங்கத்தாரை அத்துமீறிப் புகுந்தவர்கள் என்று தடுத்தன. ஆயினும் லயத்துக்கு லயம் செய்தி போயிற்று. ஆள் சேர்த்த அதே உறவுவலையில் இப்போது சங்கத்தின் பேச்சு பரவியது. 1940இல் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அங்கே துரைமார் அழைத்தது பொலிஸாரை.