கன்ட்ரோல்-எஸ்ஸும் தாத்தாவின் 11 பக்கமும்

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், நான் ரெண்டு வரிக்கு ஒருதரம் கன்ட்ரோல்-எஸ் தட்டுறதைப் பார்த்துட்டு, "அதான் தானாவே சேவ் ஆகுதேண்ணா, ஏன் அந்த கீபோர்டைப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க?"ன்னு கேட்டான். பதில் சொல்லணும்னா கொசுவத்தி சுத்தணும். ஆணி நிறைய இருந்ததால அங்க சுத்தலை. இங்க சுத்துறேன்.

2017. காலேஜ்ல மூணாவது வருஷம். எங்க தாத்தா கும்பகோணத்துல ஒரு அச்சாபீஸ்ல கம்போசிட்டரா இருந்தவர். ஈய எழுத்தை ஒவ்வொண்ணா பொறுக்கி அச்சு கோக்கிற வேலை. லீவுக்குப் போயிருந்தப்ப அவர் சொல்லச் சொல்ல அந்தக் காலத்துக் கதையை எல்லாம் வேர்டுல அடிச்சேன். ரெண்டரை மணி நேரம், 11 பக்கம். பாட்டி சாப்பிடக் கூப்பிட்டாங்க. திறந்து கிடந்த ஜன்னலை எல்லாம் மூடும்போது, 'சேவ் பண்ணணுமா?'ன்னு ஒரு கேள்வி வந்துச்சு. அது வேற ஏதோ காலி டாகுமெண்ட்னு நெனச்சு 'வேண்டாம்'னு தட்டிட்டேன். தப்பு முழுக்க என்னோடதுதான். அது கேட்டுட்டுத்தான் மூடுச்சு.

தாத்தா கோவிக்கலை. "கோத்த பக்கம் கொட்டிப் போச்சுன்னு சொல்லு. எங்க ஆபீஸ்லயும் கைதவறிக் கொட்டும். அதுக்குத்தான்டா முதல்ல ஒரு புரூஃப் எடுத்து வெச்சுக்கறது"ன்னு சொல்லிட்டு சாப்பிடப் போயிட்டார்.

சரி, மேட்டருக்கு வருவோம். எழுதுறது ஒருத்தன், அதைப் பத்திரமா வைக்கிறது யார் பொறுப்பு? கம்ப்யூட்டர் வரலாற்றுல இதுக்கான பதில் ரெண்டு தடவை மாறியிருக்கு.

ஆரம்பத்துல அது மெஷினோட பொறுப்பாத்தான் இருந்துச்சு. 1968-ல அமெரிக்காவுல பிரவுன் பல்கலைக்கழகத்துல ஆண்ட்ரீஸ் வான் டாமும் அவரோட மாணவர்களும் 'ஃப்ரெஸ்'ஸுன்னு ஒரு எழுத்து அமைப்பை உருவாக்கினாங்க. ஐ.பி.எம். மெயின்ஃப்ரேம்ல ஓடினது. நீங்க செய்யற ஒவ்வொரு திருத்தத்தையும் அது டிஸ்க்ல நிழல் பிரதியா எழுதிக்கும். அதனால தானா சேவ் ஆகறதும் நடந்துச்சு, செஞ்ச திருத்தத்தை வாபஸ் வாங்குற 'அன்டூ'வும் கிடைச்சுது. ஆமா மக்களே, 1968-லயே!

அடுத்தது 1974, கலிபோர்னியாவுல ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக்கூடம். பட்லர் லாம்ப்ஸன், சார்லஸ் சிமோனி கூட்டணியில 'பிராவோ'ன்னு ஒரு எடிட்டர் வந்துச்சு. நாம கொடுக்கிற கட்டளை, அடிக்கிற எழுத்து எல்லாத்தையும் அது தனியா ஒரு கோப்புல குறிச்சுக்கிட்டே வரும். நடுவுல மெஷின் படுத்துட்டா, பழைய கோப்பை எடுத்து வெச்சு அந்தக் குறிப்பை முதல்லேர்ந்து ஓட்டும். நாம அடிச்ச ஒவ்வொண்ணும் கண்ணு முன்னாடி மறுபடி நடக்கும், கிரிக்கெட் ரீப்ளே மாதிரி. பேய் டைப் அடிக்கிற மாதிரி இருந்திருக்கும்னு நெனைக்கிறேன் :-)

அப்புறம் என்ன ஆச்சு? கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்துச்சு. 1978-ல வந்த வேர்ட்ஸ்டார் ஓடினது 64 கிலோபைட் நினைவகமும் ஃபிளாப்பியும் வெச்சிருந்த சின்னப் பொட்டிகள்ல. ஒவ்வொரு எழுத்துக்கும் ஃபிளாப்பிக்கு ஓடினா டைப் அடிக்கவே முடியாது. அதனால பொறுப்பு நம்ம தலையில விழுந்துச்சு. 'உனக்கு எப்ப தோணுதோ அப்ப சேவ் பண்ணிக்கோ'ங்கிற ஏற்பாடு. ஆறுதலுக்கு, முந்தின பிரதியை மட்டும் தனிப் பேர்ல எடுத்து வெச்சுக்கும். நாம இன்னிக்கும் பழக்கதோஷத்துல தட்டுற அந்த சேவ், மெதுவா ஓடின டிஸ்குக்காக நாம செஞ்சுக்கிட்ட சமரசம்தான்.

பெரிய தலைகளும் இதுல மாட்டியிருக்காங்க. 1978 டிசம்பர்ல பெர்க்லியில பில் ஜாய், 'வி.ஐ.' எடிட்டர்ல பல ஜன்னல் வசதியைச் சேர்த்துக்கிட்டு இருந்தார். பேக்கப் எடுக்குற டேப் டிரைவ் ரிப்பேர். பரவாயில்லைன்னு வேலையைத் தொடர்ந்தார். மூல நிரல் சிதைஞ்சு போச்சு, முழு அச்சுப் பிரதியும் கையில இல்ல. வெறுத்துப் போய் அந்த வசதியையே கைவிட்டுட்டதா 1984-ல ஒரு பேட்டியில சொல்லியிருக்கார். புரூஃப் எடுத்து வெக்கலை!

சிமோனி 1981-ல மைக்ரோசாஃப்டுக்குப் போனார், 1983-ல வேர்ட் வந்துச்சு. பின்னாடி வந்த பதிப்புகள்ல ஆட்டோ ரெகவர்னு ஒண்ணு சேர்ந்துச்சு. 10 நிமிஷத்துக்கு ஒருதரம் தனியா ஒரு நகல். இதை நிறைய பேர் சேவ்னு நெனச்சு ஏமாந்திருக்காங்க. அது கரன்ட் போறது, மெஷின் தொங்கறது இதுக்கெல்லாம் மட்டும்தான். நாமளே ஒழுங்கா மூடிட்டா, வேலை முடிஞ்சுதுன்னு நகலை அழிச்சிடும். அதாவது மெஷின் பண்ற தப்புக்கு மருந்து இருந்துச்சு, மனுஷன் பண்ற தப்புக்கு இல்ல.

அது 2010 பதிப்புலதான் மாறுச்சு. 'வேண்டாம்'னு தட்டினாலும் கடைசி நகலை உடனே தூக்கிப் போடாம ஒளிச்சு வெச்சுக்க ஆரம்பிச்சுது. 2006-ல கூகுள் வாங்கின 'ரைட்லி'தான் பின்னால கூகுள் டாக்ஸ் ஆச்சு, அங்க எழுத எழுத சேவ் ஆகும். 2017-ல வேர்டும் ஒன்டிரைவ்ல இருக்கிற கோப்புக்கு அதையே கொண்டு வந்துச்சு. 1968-ல இருந்த இடத்துக்கு சுத்தி வர கிட்டத்தட்ட 40 வருஷம்.

இதை எல்லாம் நான் படிச்சது வேலைக்குச் சேர்ந்த பிறகு. படிக்கும்போது ஒரு வரியில நின்னுட்டேன். பேர் கொடுத்து ஒருதடவை கூட சேவ் பண்ணாத டாகுமெண்டோட நகலை வேர்ட் 4 நாள் வரைக்கும் வெச்சிருக்குமாம். என் லேப்டாப்ல இருந்தது 2013 பதிப்பு. 11 பக்கத்துல பெரும்பகுதி 4 நாள் அதுக்குள்ளயே இருந்திருக்கணும். நான் பக்கத்துலயே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

விண்டோஸ்ல இருக்கிறவங்க ஒருதரம் பார்த்து வெச்சுக்கோங்க: ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாகுமெண்ட், அதுக்குள்ள ரெகவர் அன்சேவ்டு டாகுமெண்ட்ஸ். அடிக்க ஆரம்பிச்சு 10 நிமிஷமாவது ஆகியிருந்தா வாய்ப்பு இருக்கு. முக்கியமா, தொலைஞ்ச அன்னிக்கே தேடுங்க.

அடுத்த வாரமே தாத்தா மறுபடி உட்கார்ந்து சொன்னார். ஆனா முதல் தடவை சொன்ன மாதிரி வரலை, அவருக்கும் அலுத்துப் போச்சு. 2 பக்கத்தோட நிறுத்திக்கிட்டார். மறு வருஷம் தவறிட்டார். அந்த 2 பக்கம் இப்ப மூணு இடத்துல இருக்கு. ஒண்ணு தாள்ல.