காரைக்கால் மனைப்பிரிவு விதிகள்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தில் நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிப்பதை ஒழுங்குபடுத்தும் விதிமுறைகள். தமிழகத்தின் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களுக்கிடையே அமைந்திருந்தாலும், இங்கே செல்லுபடியாவது தமிழகச் சட்டமன்று. 1969ஆம் ஆண்டின் புதுச்சேரி நகர, ஊரமைப்புத் திட்டச் சட்டமே. மனைப்பிரிவு வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது காரைக்கால் திட்டக் குழுமம். உள்ளாட்சிப் பொறுப்பு காரைக்கால் நகராட்சிக்கும், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் உரியது. கொம்யூன் என்ற பெயரே பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்றது.

நில அளவையிலும் பிரெஞ்சு ஆட்சியின் சுவடு உண்டு. வருவாய்ப் பதிவேட்டில் ஹெக்டேர், ஆர், சென்டியார் என்றே குறிப்பார்கள்: 1 ஆர் 100 சதுர மீட்டர், 1 சென்டியார் 1 சதுர மீட்டர். தரகர் 2,400 சதுர அடி என விற்கும் மனை, பட்டாவில் ஏறத்தாழ 2 ஆர் 23 சென்டியார். ஊர்ப் பேச்சிலோ குழி, மா என்ற அளவுகள்தான். வெளியூர்க்காரர் தடுமாறுவது இயல்பே.

அரசலாற்றுப் பாசன வயல்கள் மனைகளாவதே இங்குள்ள உண்மையான சிக்கல். வாய்க்காலைத் தூர்த்துச் சாலை போட்டால் அடுத்த மழைக்கே தண்ணீர் வீட்டுக்குள் வரும். இப்படி உருவாகும் மனைக்குப் பத்திரம் பதிவானதாலேயே அது அங்கீகரிக்கப்பட்டதாகிவிடாது. ஆகவே வாங்குவோர் ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.