இரத்தக் காட்டேரி (எட்வர்ட் மூங்க் ஓவியம்)

நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் (1863–1944) 1893 முதல் 1895 வரையிலான ஆண்டுகளில் பலமுறை தீட்டிய ஓவியம். அவர் முதலில் வைத்த பெயர் 'காதலும் வேதனையும்'. பெர்லினில் அவருடைய நண்பராக இருந்த போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்வாஃப் பிஷிபிஷெவ்ஸ்கி, ஓவியத்திலுள்ள பெண்ணை ஆணின் குருதியை உறிஞ்சும் காட்டேரியாகக் கண்டார். அவர் சொன்ன பெயரே நிலைத்தது. பின்னாளில் மூங்க்கும் அதையே வழங்கினார்.

ஒரு பெண் குனிந்து ஆணின் பிடரியில் வாய் பதித்திருக்கிறாள். அவன் முகம் அவள் மார்பில் புதைந்து கிடப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவளுடைய வெற்றுக் கைகள் அவனைச் சுற்றி வளைத்திருக்கின்றன. செந்நிறக் கூந்தல் அவன் தலையிலும் தோளிலும் வழிகிறது. இருவருக்கும் பின்னே ஒரே கரிய நிழல் எழுந்து நிற்கிறது. கோரைப்பல் இல்லை, காயம் இல்லை. இரத்தத்தை நினைவூட்டுவது கூந்தலின் நிறம் மட்டுமே. அது அவனைப் போர்த்துகிறதா, பிணைக்கிறதா என்று முடிவுசெய்ய முடியாதபடி மூங்க் தீட்டியிருப்பதே இந்த ஓவியத்தின் பெரும் சாதனை. தஞ்சம் கேட்டு வந்தவனும் இரையாகிப்போனவனும் ஒரே உருவத்தில் இருக்கிறார்கள். அவருடைய 'பிரிவு' (1896) ஓவியத்திலும் விலகிச் செல்லும் பெண்ணின் கூந்தல் இழைகள் பின்தங்கியவனை நோக்கி நீள்கின்றன.

இதன் பிறப்பைப் பற்றி எழுத்தாளர் அடோல்ஃப் பால் ஒரு நினைவைப் பதிந்திருக்கிறார். மூங்க்கின் அறைக்கு அவர் போனபோது செங்கூந்தல் கொண்ட மாடல் ஒருத்தி அங்கிருந்தாளாம். அவள் மடியில் தலைவைக்கும்படி மூங்க் அவரிடம் சொல்ல, அவள் குனிந்து பிடரியில் உதடு பதித்தாளாம். பிற்காலத்தில் மூங்க்கும், உண்மையில் இது ஆணின் கழுத்தில் முத்தமிடும் பெண் மட்டுமே என்றார். 1893 டிசம்பரில் பெர்லினில் 'காதல்' என்ற வரிசையில், 'முத்தம்', 'மடோனா', 'அலறல்' ஆகியவற்றுடன் இதைக் காட்சிக்கு வைத்தார். ஈர்ப்பில் தொடங்கிப் பேரச்சம் வரை செல்லும் அந்த வரிசையில் பார்த்தால்தான் அவர் நோக்கம் விளங்கும்.

1897இல், பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வெளிவந்த அதே ஆண்டில், ஆங்கில ஓவியர் பிலிப் பர்ன்-ஜோன்ஸ் இதே பெயரில் ஓர் ஓவியத்தை லண்டனில் காட்சிக்கு வைத்தார். ருட்யார்ட் கிப்ளிங் அதற்காகக் கவிதை எழுதினார். அங்கே உயிரற்றவன்போல் கிடக்கும் ஆணின் மேல் பெண் வெற்றிப் புன்னகையோடு சாய்ந்திருக்கிறாள். குற்றவாளி யார் என்பதில் அந்தப் படத்துக்குச் சந்தேகமே இல்லை. ஆசையைப் பெண்ணின் குற்றமாக்கிய அக்கால வழக்கத்தின் சான்றாக மட்டுமே அது இன்று பேசப்படுகிறது. மூங்க்கின் ஓவியத்திலும் அந்த அச்சத்தின் சாயல் உண்டு. ஆனால் அவர் அதைத் தீர்ப்பாக மாற்றவில்லை.

1893ஆம் ஆண்டுப் பிரதி சுவீடனின் கோத்தன்பர்க் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆஸ்லோவின் மூங்க் அருங்காட்சியகத்திலும் பிரதிகள் உள்ளன. அங்கிருந்து 1988இல் ஒன்று திருடப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டது. தனியார் வசம் இருந்த 1894ஆம் ஆண்டுப் பிரதி, 2008இல் நியூயார்க்கில் நடந்த சோத்பிஸ் ஏலத்தில் 3.8 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. 1895இல் மூங்க் இதைக் கல்லச்சாகவும் செய்தார். பின்னர் மரக்கட்டை அச்சையும் அதனுடன் சேர்த்து, வண்ணங்களை மாற்றி மாற்றிப் பல படிகள் எடுத்தார்.