கைரேகைப் பதிவும் தங்கவயல் வேலைநிறுத்தமும் (1930)

பாலாற்றில் அமைந்த பேத்தமங்களா ஏரியின் நீரே குழாய்வழிச் சென்று கோலார் தங்கவயலை வாழ்வித்தது. அவ்வாறு கீழ்நோக்கிப் பாயும் வடஆர்க்காட்டிலிருந்து வந்தோரே சுரங்கத் தொழிலாளருள் பெரும்பகுதியினர். சேலம், சித்தூர்ப் பகுதியினரும் இருந்தனர். தாழ்த்தப்பட்ட வகுப்பினரே மிகுதி. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியில் இறங்கியதிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இவர்களுக்கென நிலைத்த தொழிற்சங்கம் எதுவும் இல்லை. குறைகளை ஒப்பந்ததாரர் வழியாகவே சொல்லவேண்டும். குறைக்குக் காரணமானவரே பலவேளைகளில் அவ்வொப்பந்ததாரர்தாம்.

இந்நிலையில் 1930இல் தொழிலாளரைக் கைரேகை கொண்டு பதிவுசெய்ய நிருவாகம் முற்பட்டது. ஆள் அடையாளம் காணும் எளிய ஏற்பாடாகவே அதிகாரிகள் இதைக் கருதினர். தொழிலாளர் அவ்வாறு கருதவில்லை. 1911ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் கைரேகை எடுக்க இடமளித்திருந்தது. ரேகை பதிப்பது குற்றவாளிக்குரிய செயல் என்னும் எண்ணம் ஊரறிந்த ஒன்று. தங்கத் திருட்டைத் தடுக்கவெனச் சோதனைக்கு நாளும் உட்பட்டு வந்தவர்களுக்கு அது மேலும் உறைத்திருக்கும். இவர்களை எழுத்தறியாக் கூட்டம் என ஒதுக்குவதும் பொருந்தாது. அயோத்திதாச பண்டிதரின் 'தமிழன்' இதழுக்கு மாரிக்குப்பத்தில் வாசகர் இருந்தனர், பின்னாளில் கோ. அப்பாதுரையார் அவ்விதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். கூலியைவிட மானமே இங்கு வழக்காயிற்று எனலாம்.

ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தனர். வேலைநிறுத்தம் ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீடித்தது. பேச்சு நடத்துவதாயின் யாருடன் நடத்துவது? சங்கமில்லை, தலைவர் என முன்வருவோர் வேலையிழப்பர். எதிர்த்தரப்புக்கு ஒரு முகம் இல்லாததே நிருவாகத்தைத் திணறச்செய்தது. அம்முகம் தோன்ற இடமளிக்காதிருந்ததும் நிருவாகமே என்பதை மறத்தற்கில்லை. இறுதியில் பதிவுத் திட்டம் கைவிடப்பட்டது. எனினும் இது இணக்கம் அன்று. ஒரு தரப்பு மறுத்தது, மறுதரப்பு பின்வாங்கியது, அவ்வளவே. அடுத்த பூசலை எங்கே, எவரிடம் தீர்ப்பது என்னும் வினா அப்படியே நின்றது.

1942ஆம் ஆண்டு மைசூர்த் தொழிலாளர் சட்டம் சங்கங்களுக்கும் சமரசப் பேச்சுக்கும் வழிவகுத்தது. கே. எஸ். வாசன் முதலிய பொதுவுடைமையர் தொழிலாளர்க்காகப் பேசினர். முகமும் குரலும் இப்போது இருந்தன, செவிதான் வாய்க்கவில்லை. 1946 நவம்பர் 4 அன்று சாம்பியன் ரீஃபில் காவல்துறை சுட்டதில் தொழிலாளர் அறுவர் மாண்டனர்.