கைகட்டி நின்ற எசமானர்

சர்வதேசச் செய்திப் பிரிவில் இரவுக்கடமை பார்த்த காலத்தில் எத்தனையோ படங்கள் என் மேசையைக் கடந்து சென்றிருக்கின்றன. அவற்றில் இன்றுவரை மனதை விட்டகலாத படம் 1998 ஜனவரி 15 ஆம் திகதி ஜகார்த்தாவில் எடுக்கப்பட்டது. இந்தோனேசிய ஜனாதிபதி சுகார்ட்டோ குனிந்து கடன் நிபந்தனைகளுக்கு ஒப்பமிடுகிறார். சர்வதேச நாணய நிதியத்தின் முகாமைத்துவப் பணிப்பாளர் மிஷெல் கம்டெசு கைகளைக் கட்டிக்கொண்டு, நின்றபடியே அதைப் பார்க்கிறார். எமது வழக்கில் கைகட்டி நிற்பவன் சேவகன். அந்தப் படத்திலோ கைகட்டி நின்றவரே எசமானர்.

மூன்று தசாப்தங்கள் சர்வாதிகாரம் செய்த சுகார்ட்டோவுக்காக எவரும் கண்ணீர் சிந்தத் தேவையில்லை. ஆனால், நிபந்தனைகளின் சுமை விழுந்தது மக்களின் தலையில். நிதியத்தின் திட்டப்படி 1997 நவம்பர் 1 ஆம் திகதி 16 வங்கிகள் ஒரேயடியாக மூடப்பட்டன. அடுத்தது எந்த வங்கியோ என்று அஞ்சிய மக்கள் ஏனைய வங்கிகளிலும் வைப்புப் பணத்தை மீளப்பெற முண்டியடித்தனர். 1998 மே மாதம் எரிபொருள் விலை உயர்த்தப்பட்டது, கலவரம் வெடித்தது, 21 ஆம் திகதி சுகார்ட்டோ பதவி விலகினார். தென் கொரியாவில் குடும்பப் பெண்கள் நாட்டின் கடனை அடைப்பதற்காகத் தங்கள் திருமண மோதிரங்களையும் கொடுத்தார்கள்.

பத்தாண்டுகளின் பின்னர் நெருப்பு அமெரிக்காவின் கூரையில் பற்றியது. 2008 செப்டெம்பர் 15 இல் லேமன் பிரதர்ஸ் வங்குரோத்தானது. மறுநாளே ஏ.ஐ.ஜி. காப்புறுதி நிறுவனத்துக்கு 85 பில்லியன் டொலர் கொடுக்க மத்திய வங்கி முன்வந்தது. வோல் ஸ்ட்ரீட் சூதாடிகளின் நட்டத்தை வரியிறுப்பாளர் ஏன் சுமக்கவேண்டும் என்று காங்கிரஸில் எழுந்த கேள்வி நியாயமானதே. 700 பில்லியன் டொலர் மீட்புச் சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபை செப்டெம்பர் 29 இல் 228 - 205 என்ற வாக்குகளால் நிராகரித்தது. அன்று டௌ ஜோன்ஸ் சுட்டெண் 777 புள்ளிகள் சரிந்தது. நான்கே நாட்களில் அதே சபை சட்டமூலத்தை நிறைவேற்றியது.

வங்கிகளைக் காப்பாற்றியது தவறென்று நான் வாதிடவில்லை. பீதியின் நடுவே வங்கியை மூடினால் பீதி பெருகும் என்பது ஜகார்த்தாவின் விடயத்தில் மட்டும் ஏன் வாஷிங்டனுக்குப் புரியாமற்போனது?

1997 இல் ஆசியாவுக்கெனத் தனியான நாணய நிதியமொன்றை ஜப்பான் யோசனையாக முன்வைத்தபோது அதை முறியடித்ததும் அமெரிக்காவே. இனி எவர் வாசலிலும் நிற்பதில்லை என்று ஆசிய நாடுகள் டொலர்களைக் குவிக்கத் தொடங்கின. அந்த டொலர்களில் பெரும்பகுதி அமெரிக்கத் திறைசேரி முறிகளுக்கே திரும்பிப் போனது. 2008 செப்டெம்பரில், வாஷிங்டன் தடுமாறிக்கொண்டிருந்த அதே மாதத்தில், ஜப்பானை முந்திக்கொண்டு சீனா அம்முறிகளை மிகக்கூடுதலாக வைத்திருக்கும் வெளிநாடானது.

நவம்பர் 15 இல் ஜனாதிபதி புஷ் நெருக்கடி பற்றிப் பேச வாஷிங்டனில் கூட்டிய ஜி-20 உச்சி மகாநாட்டில் இந்தோனேசிய ஜனாதிபதி யுதொயோனோவும் அமர்ந்திருந்தார். நாணய நிதியத்துக்கான கடன் பாக்கியை அவருடைய அரசாங்கம் 2006 ஒக்டோபரிலேயே, தவணைக்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகச் செலுத்தி முடித்திருந்தது.