கம்பம் பள்ளத்தாக்கில் நாட்டுத் துப்பாக்கி

தோட்டா இல்லாத துப்பாக்கியே நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ திணித்து, ஈய ரவைகளைப் போட்டு, நீண்ட கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். முதலில் திரியாலும், பின்னர் சிக்கிமுக்கிக் கல்லாலும், 19-ஆம் நூற்றாண்டில் கேப்பு எனப்படும் சிறு வெடிமூடியாலும் மருந்தைப் பற்ற வைத்தனர்.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவே முல்லைப் பெரியாறு என அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் பெரியாறு அணை திறக்கப்பட்டபின் வயல்கள் பெருகின. ஆனால் மலையடிவாரத்து மானாவாரி நிலங்களில் கடலையும் சோளமும் விளையும்போது காட்டுப்பன்றி இறங்கிவிடும். பரணில் இரவுக் காவல் இருந்தவர்களுக்குக் காவலும் வேட்டையும் வெவ்வேறல்ல. கடலையைத் தோண்டிய பன்றியே மறுநாள் குழம்பு.

இந்தத் துப்பாக்கியின் மீதான கவர்ச்சிக்கு முதற்காரணம் அதன் எளிமை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்ததே மருந்து. கடைத் தோட்டாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கொல்லர் பட்டறையிலேயே பழுது பார்க்கலாம். மற்றொரு காரணம் ஒரே குண்டு. அது தவறினால் மறுபடி கெட்டிப்பதற்குள் விலங்கு போய்விடும். காயம்பட்ட பன்றியென்றால் திரும்பிப் பாயும். சாரலில் மருந்து நமத்துப் போகும்; சுட்டதும் எழும் புகை கண்ணை மறைக்கும். எனவே காற்றின் திசை, தடம், விலங்கு வரும் நேரம் அனைத்தும் தெரிந்தவரே வேட்டைக்காரர். இதை வீரக்கதையாக மட்டும் சொல்வது சரியன்று. ரவை பட்டுப் புதருக்குள் போய் நாள்கணக்கில் துடித்துச் செத்த விலங்குகளை யாரும் கணக்கெடுக்கவில்லை.

கடையை நம்பாத ஆயுதம் என்பதாலேயே அரசுகள் இதற்கு அஞ்சின. பாளையக்காரர் போரை ஒடுக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1801 டிசம்பர் 1 அன்று வெளியிட்ட அறிக்கையால் தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுவதும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. குடகு மக்களுக்கு விலக்கு இருந்தது. போடிக்கும் கம்பத்துக்கும் அது கிடைக்கவில்லை. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்கி, அங்கே வேட்டையைக் கட்டுப்படுத்தியது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு அதற்கு உரிமம் வழங்கலாம் என்கிறது. ஒரே துப்பாக்கியின் இரு வேலைகளையும் சட்டம் இங்கே பிரித்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமத்துடன் சில விலங்குகளை வேட்டையாட இடம் கொடுத்திருந்தது; 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் நீக்கியது. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது.

துப்பாக்கி ஓய்ந்தாலும் பன்றி ஓயவில்லை. தமிழ்நாட்டில் சிலர் அவுட்டுக்காய் என்னும் வெடியையும் சட்டவிரோத மின்வேலியையும் நாடினர். அவற்றில் யானைகளும் செத்தன. என் கருத்தில் இவை நாட்டுத் துப்பாக்கியைவிடக் கொடியவை. எந்த விலங்கு வருகிறதென்று பார்க்க அங்கே ஆளே இல்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுட அனுமதித்தது. ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. அடிவாரத்துக் கடலைக் காடுகள் பல அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன.